ஆயுத பூஜையன்று நீந்திய விரால்கள்

பழிவாங்க நினைப்பது பாவம் என்று சொல்கிறவர்கள் யாரும், தங்கள் அப்பா ஊர் முன்னால் மடியை உதறிக் காட்டியதைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்தேன். 2005 நவம்பரில், எங்கள் நெடுமடைக் கண்மாய்க் கரையில், மீன்பிடிச் சங்கத்துக்காரர்கள் இருபது பேர் சுற்றி நிற்க, வீரணன் என்கிற என் அப்பா வேட்டி மடிப்பை அவிழ்த்து உதறினார். ஒரு பீடிக்கட்டும் தீப்பெட்டியும் கீழே விழுந்தன. காணாமல் போனது இருநூற்றுப் பதினோரு விரால் மீன். அதை ஒரு மனுஷன் மடியிலா கட்டிக்கொண்டு திரிவான்? கேட்க அங்கே ஒரு நாதியில்லை. உதறச் சொன்னவர் டாக்டர் ஹரிநாராயணன், நான் வேலை பார்த்த ஆபீஸின் இயக்குநர்.

என் பெயர் முத்துச்செல்வி. கம்ப்யூட்டர் படித்துவிட்டுத் தல்லாகுளத்தில் ஒரு மாடி ஆபீஸில் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக்காரர்களின் உதவியோடு ஓர் அறக்கட்டளை நடத்திய ஆராய்ச்சி அது. மதுரையைச் சுற்றி நான்கு கண்மாய்களில் விரால் மீன்களை விட்டு, அவை எப்போது எந்தப் பக்கம் போகின்றன என்று கண்டுபிடிப்பது வேலை. ஒவ்வொரு மீனின் வயிற்றிலும் அரிசி அளவுக்கு ஒரு சில்லு வைப்பார்கள், அதில் ஒரு நம்பர் இருக்கும். கண்மாய் மடையில் கம்பி வலைக்கு உள்பக்கம் ஒரு வளையம், வெளிப்பக்கம் ஒரு வளையம். மீன் எந்த வளையத்தைக் கடந்தாலும் கொட்டகையில் இருக்கிற கம்ப்யூட்டரில் நம்பரும் நேரமும் பதியும். உள் வளையத்தில் மட்டும் பதிந்திருந்தால் மீன் வலையில் முட்டித் திரும்பிவிட்டது என்று பொருள். உள் வளையம், அடுத்தது வெளி வளையம் என்று பதிந்திருந்தால் மீன் கண்மாயை விட்டே போய்விட்டது.

கொட்டகைக்கு ஒரு காவலாள் வேண்டும் என்றார்கள். எங்கள் ஊர்க் கண்மாய்க்கு அப்பாவைச் சேர்த்துவிட்டது நான்தான். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் எனக்கு ஆறவில்லை.

நடந்தது இதுதான். அக்டோபர் ஆறாம் தேதி டாக்டர் தனியாக ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தார். ஆண்டறிக்கையின் அட்டைக்கு, மடையில் தண்ணீர் பாய்வதைப் படம் எடுக்க வேண்டுமாம். கம்பி வலை துருப்பிடித்து அசிங்கமாக இருக்கிறது, தூக்கு என்றார். அப்பா தூக்கினார். படம் எடுத்து முடித்ததும் அப்பா வலையைத் திரும்பப் பொருத்தப் போனார். இந்தத் துருவைப் போடாதே, புதுசு அனுப்புகிறேன் என்று டாக்டர் சொல்லி, பழைய வலையை ஜீப்பில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்பா இரண்டு தடவை டீக்கடைப் போனிலிருந்து ஆபீஸுக்குக் கூப்பிட்டு ஞாபகப்படுத்தினார். வருது, வருது என்றார் டாக்டர். வலை வந்தது பதினெட்டாம் தேதி. நடுவில் நல்ல மழை. புதுத் தண்ணீர் ஓடுகிற வாசனை பட்டால் விரால் சும்மா இருக்குமா? ஊரில் விவரம் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

நவம்பரில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து கண்மாயைச் சோதித்தார்கள். சில்லு வைத்த ஒரு மீன்கூட இல்லை. அப்போதுதான் டாக்டருக்குத் தன் மறதி உறைத்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாலு திட்டோடு போயிருக்கும். அவர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். பதினெட்டாம் தேதி இரவு வரை எல்லா மீனும் மடைக்கு வந்து வந்து திரும்பியிருக்கின்றன, பதிவு இருக்கிறது, பத்தொன்பதாம் தேதி காலையிலிருந்து ஒன்றுகூட இல்லை என்றார். அந்த இரவு அவர் டெல்லியில் இருந்தாராம். கொட்டகையில் இருந்தது யார் என்று சங்கத்துக்காரர்களைப் பார்த்துக் கேட்டார். அப்பா வலையைத் தூக்கிய கதையைச் சொன்னார். டாக்டர் அவரைத் திரும்பிப் பார்த்து, எந்த வலை என்று கேட்டார். அவ்வளவு நிதானமாகப் பொய் சொல்கிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதன் பிறகுதான் மடியை உதறச் சொன்னது. உதறி முடித்ததும், பாவம் ஏழை, போலீசுக்குப் போகமாட்டேன், வேலையை விட்டு மட்டும் போகட்டும் என்று தர்மப்பிரபு மாதிரி பேசினார். என்னைப் பற்றியும் சொன்னார். அப்பன் செய்ததற்கு மகள் என்ன செய்வாள், அவள் வேலையில் இருக்கட்டும் என்றார். எல்லோரும் அவர் பெருந்தன்மையை மெச்சினார்கள். நான் கையைக் கூப்பி நன்றி சார் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். சொல்லும்போதே மனசுக்குள் ஒன்று முடிந்து வைத்தேன்.

வேலை போனதைக்கூட அப்பா தாங்கிக்கொண்டார். சங்கம் அவர் பெயரைக் கண்மாயிலிருந்து நீக்கியதுதான் அவரை உடைத்தது. எங்கள் பக்கத்தில் கோடையில் தண்ணீர் வற்றியதும் மீன்பிடி நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார், ஊரே ஒரே நேரத்தில் கண்மாய்க்குள் இறங்கும். என் தாத்தா காலத்தில் எங்கள் தெரு ஆட்கள் மற்றவர்கள் பிடித்து முடித்து ஏறிய பிறகுதான் சேற்றில் துழாவ வேண்டும். சண்டை போட்டு, வழக்குப் பேசி, எல்லோரோடும் சேர்ந்து முதலிலேயே இறங்கியவர்களில் என் அப்பா ஒருவர். அப்போது அவருக்கு இருபது வயது. அன்று முதல் ஒரு வருடம்கூட அவர் இறங்காமல் இருந்ததில்லை. இப்போது கண்மாய் மீனைத் திருடியவன் கண்மாயில் கால் வைக்கக் கூடாது என்று சங்கத் தலைவர் நல்லகாமன் சொல்லிவிட்டார்.

2006 மே மாதம் மீன்பிடி வந்தது. வீட்டிலேயே இருப்பார் என்று நினைத்தேன். அவர் வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு போய்க் கரையில் நின்றார். ஊர் முழுக்க இறங்கியது. சின்னப் பிள்ளைகள் சேற்றில் புரண்டார்கள். பொம்பளைகள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கூடையைக் கவிழ்த்தார்கள். அப்பா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. யாரோ பரிதாபப்பட்டு ஒரு கெண்டையைக் கொண்டுவந்து நீட்டினார்கள், அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வெயில் ஏறி எல்லோரும் கலைந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டாக்டர் எதிரே வந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

அதற்கு அடுத்த வாரம் கம்ப்யூட்டர்களைச் சுத்தம் செய்கிற வேலை. வருடா வருடம் மே மாதம் கண்மாய் வற்றியதும் நான்கு கம்ப்யூட்டர்களையும் கழற்றித் தல்லாகுளத்துக்குக் கொண்டுவருவோம். மூடியைத் திறந்தால் பல்லி முட்டை, எறும்பு, செத்த பூரான், ஒரு படி செம்மண். ஊதித் துடைத்து, போன வருடப் பதிவை எல்லாம் அழித்து, கடிகாரத்தைச் சரிசெய்து, புது வருடத்துக்குச் சைபரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அழிக்கும் முன் ஒரு சடங்கு உண்டு. வாரா வாரம் கொட்டகையிலிருந்து எடுத்து வந்த நகல் ஆபீஸில் இருக்கும். அதை அச்செடுத்து, 'இந்த நகலும் இயந்திரத்தில் உள்ள பதிவும் ஒன்றே, இயந்திரத்தை அழிக்கலாம்' என்று ஒவ்வொரு பக்கத்திலும் இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டும். எந்த வருடமும் யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. அப்பா வேலை போனதிலிருந்து நெடுமடை நகலை டாக்டரே நேரில் போய் எடுத்து வந்தார், கொட்டகைச் சாவியும் அவரிடம்தான் இருந்தது.

நெடுமடையின் அக்டோபர் பக்கங்களை அச்செடுத்தேன். அதுவரை அந்த மாதத்தைத் திறந்து பார்க்க எனக்கு மனசு வந்ததில்லை. பதினொன்றாம் தேதிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. காலை எட்டுக்கு ஒன்பது மீன், பத்து மணிக்குப் பதினேழு மீன், மதியம், சாயங்காலம், ராத்திரி என்று பக்கம் நிறைய மீன்.

அக்டோபர் பதினொன்று ஆயுத பூஜை. அன்று காலை அந்த மிஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தது நான். அதன் ஒயரைப் பிடுங்கியது என் அப்பா. அரிவாள், மண்வெட்டி, சைக்கிள், கம்ப்யூட்டர் எல்லாம் அன்றைக்கு ஓய்வு, மறுநாள் காலை சூடம் காட்டிய பிறகுதான் கையில் எடுப்போம். பூஜையில் வைத்த ஆயுதத்தைத் தொட்டு வேலை வாங்கினால் விளங்குமா? நான்கு கொட்டகையிலும் நான்கு காவலாட்களும் வருடா வருடம் இதைத்தான் செய்தார்கள். மிஷினை ஒரு நிமிஷம்கூட நிறுத்தக் கூடாது என்று சுவரில் அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்ததால் ஆபீஸுக்கு யாரும் மூச்சு விடவில்லை. மற்ற மூன்று கண்மாய்ப் பக்கங்களையும் எடுத்துப் பார்த்தேன். பதினொன்றாம் தேதி காலையிலிருந்து பன்னிரண்டாம் தேதி காலை வரை மூன்றும் வெறும் வெள்ளை. நெடுமடையில் மட்டும் விரால்கள் பூஜை நாளிலும் டூட்டி பார்த்திருந்தன. டாக்டர் செப்டம்பர் மாதத்துப் பதிவை எடுத்துத் தேதியை மாற்றி ஆபீஸ் நகலின் அக்டோபரில் ஒட்டியிருக்கிறார். படித்த மேதை, காலண்டரைப் பார்க்கவில்லை.

நெடுமடை மிஷினைத் திறந்தேன். அசல் அப்படியே இருந்தது. ஆறாம் தேதி சாயங்காலம், வலையைத் தூக்கிய ஒரு மணி நேரத்தில் தொடங்குகிறது. உள் வளையம், வெளி வளையம். உள் வளையம், வெளி வளையம். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. ஐந்து நாளில் வரிசையாக எல்லா நம்பரும் வாய்க்காலுக்குப் போயிருந்தன. நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். இருநூற்றுப் பதினொன்று. என் அப்பா ஒரு மீனைத் தொடவில்லை என்று அந்த மண் பிடித்த பெட்டி எழுதி வைத்திருந்தது. நான் அழுதேன். பக்கத்து மேஜையில் இருந்த பத்மாசினி அக்கா எழுந்து வந்தார். ஆபீஸ் ஃபைல்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர் அவர், நல்ல மனுஷி. திரையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் மெதுவாக, இதை முதலில் ஃபிளாப்பியில் ஏற்றி வை செல்வி, நாளைக்கே அறக்கட்டளைப் பெரியவர்களிடம் காட்டி உன் அப்பாவைப் பழியிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடலாம் என்றார்.

ஃபிளாப்பியைப் போட்டேன். பிறகு வெளியே எடுத்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். இந்த அசலைக் காட்டினால் என்ன ஆகும்? அப்பா எடுக்கவில்லை என்று தெரியும். டாக்டரும் எடுக்கவில்லை என்று தெரியும். வலையை மறந்தார், பயத்தில் பொய் எழுதினார், அவ்வளவுதான். பெரிய இடத்து ஆள், ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வேறு ஊருக்குப் போய் வேறு மீனைப் பார்ப்பார். அதற்கா என் அப்பா மடியை உதறினார்? எனக்கு டாக்டர் திருடன் பட்டம் சுமக்க வேண்டும். எடுக்காத மீனுக்கு, அதே இருநூற்றுப் பதினொன்றுக்கு, ஊர் முன்னால் பதில் சொல்ல முடியாமல் நிற்க வேண்டும். பூஜை நாள் பக்கம் ஒன்று போதும், அவர் பொய்யர் என்று நிரூபிக்க. அசல் இல்லாவிட்டால், பொய் எழுதியவன் எதற்காக எழுதினான் என்று ஊர் தானே முடிவு கட்டும். பொய் எழுதியது டாக்டர் என்றானால் அப்பா மேல் விழுந்த பழி தானாக விலகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

அப்படியானால் ஒரு நகல் எடுத்து ஒளித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். பத்மாசினி அக்காவும் அதைத்தான் சொன்னார். நகல் என்று ஒன்று இருந்தால் ஒருநாள் அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தால் அவர் அதை எடுத்துப் போய் டாக்டர் கையில் கொடுத்துவிடுவார். என் அப்பாவை எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை பக்கங்களை அடுக்கி டாக்டர் மேஜையில் வைத்தேன். அவர் செல்போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். அக்டோபர் பதினொன்றும் போனது. நான் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன், அதை மட்டும் சொல்லிக்கொள்வேன்.

"சார், நெடுமடை மட்டும் ஒருக்கா மிஷினோட ஒப்பிட்டுப் பாத்துக்கிறீங்களா?"

அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "உன் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு செல்வி. அந்த மிஷினைத்தான் முதல்ல அழிக்கணும். உன் கையாலயே அழிச்சிடு."

என் கையாலேயே அழித்தேன். வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கடிகாரத்தைச் சரிசெய்து, மூடியைத் திருகி, துடைத்து வைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், சுகமாக இருந்தது.

ஜூலையில் புது வருடத் தொடக்கக் கூட்டம் ஆபீஸ் ஹாலில் நடந்தது. வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர், நான்கு கண்மாய்ச் சங்கத் தலைவர்கள், காவலாட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். திரையில் பக்கங்களைக் காட்டுகிற வேலை எனக்கு. நெடுமடை அக்டோபர் வந்ததும் டாக்டர் குச்சியை எடுத்துக்கொண்டு, பாருங்கள், பதினெட்டு வரை தினமும் மீன் இருந்திருக்கிறது என்று விளக்கினார். நான் பதினொன்றாம் தேதியில் நிறுத்தினேன்.

"சார், இந்தப் பதினொண்ணாம் தேதியும் வந்துச்சா?"

"வந்திருக்கே. பத்து மணிக்குப் பதினேழு மீன். எழுதியிருக்குல்ல?"

பின் வரிசையில் உட்கார்ந்திருந்த தவசி அண்ணன் முதலில் சிரித்தார். வடக்குப் பக்கத்துக் கண்மாயில் காவல் இருப்பவர். சிரிப்பை அடக்க வாயில் துண்டை வைத்துப் பார்த்தார், முடியவில்லை.

"ஐயா, அன்னைக்கு ஆயுத பூசைய்யா. மிசினுக்குப் பொட்டு வச்சு, ஒயரப் புடுங்கிப் படுக்கப் போட்டுருந்தோம். பொறவு எப்புடிய்யா மீனு வந்துச்சு?"

மற்ற காவலாட்களும் சிரித்தார்கள். வேலை போய்விடுமே என்ற பயம்கூட இல்லாமல் சிரித்தார்கள். நான் மற்ற மூன்று கண்மாய்களின் பக்கங்களையும் திரையில் போட்டேன், மூன்றும் வெள்ளை. நெடுமடை மிஷினுக்குச் சந்தனம் வைத்தது நான்தான் என்று எழுந்து சொன்னேன். வெளிநாட்டுக்காரர்களுக்குப் பத்மாசினி அக்கா இங்கிலீஷில் விளக்கினார்.  டாக்டர் என் பக்கம் திரும்பி, அழிக்கச் சொன்னதே தான்தான் என்பதையும் மறந்து, அசல் மிஷினில் இருக்குமே, அதைப் பார்க்கலாமே என்றார். அவரே கேட்டார் பாருங்கள். நான் கையெழுத்துப் பக்கங்களை எடுத்து வெளிநாட்டுக்காரர் முன்னால் வைத்தேன். நகலும் அசலும் ஒன்றே, அழிக்கலாம், கீழே ஹரிநாராயணன். எட்டு மாதமாக நான் பட்டதற்கெல்லாம் அந்த ஒரு நிமிஷம் மருந்து போட்டது.

அடுத்த மாதமே அவரை அனுப்பிவிட்டார்கள். மறதியை மறைக்கப் பொய் எழுதினார் என்று யாரும் நம்பவில்லை, மீனை ராவோடு ராவாக ஏற்றி விற்றுவிட்டுத்தான் எழுதினார் என்று பேச்சு பரவியது. படம் எடுக்க வலையைத் தூக்கினேன், மறந்துவிட்டேன் என்று அப்போதுதான் அவர் உண்மையைச் சொன்னார். எந்த வலை என்று எல்லோரும் கேட்டார்கள். காவலாட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளிநாட்டுக்காரர்களுக்குப் பூஜைக் கதை பிடித்துப்போய், அடுத்த வருட அட்டவணையில் அந்த ஒரு நாளை மிஷின்களுக்கு விடுமுறை என்றே போட்டுவிட்டார்கள்.

இனிப்புப் பொட்டலத்தோடு நல்லகாமனைப் பார்க்கப் போனேன். அப்பா பெயரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் பெரியப்பா என்றேன். அவர் பொட்டலத்தைத் தொடவில்லை. மீனை டாக்டர்தான் தின்றார் என்றால் மடையைத் திறந்துவிட்டது யார், அந்த நாட்களில் கொட்டகைச் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டார். இரண்டு பேரும் கூட்டு, பங்கு பிரிப்பதில் தகராறு வந்திருக்கும், அதில் ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்கொடுத்துக்கொண்டார்கள் என்று சங்கத்தில் பேசிக்கொள்கிறார்களாம். நான் கத்தினேன். அவர் கோபப்படவில்லை. "மீனு எங்கிட்டுப் போச்சுன்னு ஒரு தாளக் காட்டு தாயி. நாளைக்கே உங்க அப்பன எறங்கச் சொல்றேன்" என்றார்.

என்னிடம் தாள் இல்லை. வீடு வரை நடந்தே வந்தேன். அப்பாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. ஊர் வாய் நாளாக நாளாக அடங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடங்கவில்லை. 2007 மே வந்தது. மீன்பிடிக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டாக்டர் ஹரிநாராயணன் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி எங்கள் வீட்டைத் தேடி வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். அப்பா நாற்காலியை எடுத்துப் போட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, எங்கே வேலைக்குப் போனாலும் விஷயம் முன்னாலேயே போய்விடுகிறது என்றார். சிம்மக்கல்லில் காய் வாங்கப் போனால்கூட, என்ன சார் விரால் என்ன விலை என்று கேட்கிறார்களாம். அவர் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்கிறாளாம். நான் சுவரில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் ரசித்துக் கேட்டேன்.

பிறகு அவர் அப்பாவைப் பார்த்துப் பேசினார். எப்போதும் நீ வா போ என்று பேசுகிறவர், அன்றைக்கு நீங்கள் என்றார்.

"வலையைத் தூக்கச் சொன்னது நான்தான் வீரணன். உங்க மேல பழியைப் போட்டதும் நான்தான். அதுக்கு என்ன வேணா செய்யுங்க. ஆனா மீனை நான் எடுக்கல, அது உங்களுக்குத் தெரியும். அழிக்கிறதுக்கு முன்னாடி உங்க பொண்ணு மிஷினைத் திறந்து பாத்திருக்கும். ஒரு காப்பி எடுக்காம இருந்திருக்காது. அது கிடைச்சா உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அப்பா என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்துக்குத்தான் நான் ஒன்றரை வருடம் காத்திருந்தேன், அதனால் அவசரப்படவில்லை.

"பாத்தேன் சார். ஆறாந்தேதியிலருந்து பத்தாந்தேதி வரைக்கும், இருநூத்திப் பதினொண்ணும் உள் வளையம், வெளி வளையம்னு வரிசையா இருந்துச்சு. ஒண்ணொண்ணா எண்ணுனேன். நீங்க கையெழுத்துப் போட்டீங்க, அழிச்சேன்."

"காப்பி?"

"எடுக்கல. எடுக்கக் கூடாதுன்னுதான் எடுக்கல."

டாக்டர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசல்படியில் குனிந்து செருப்பை மாட்டினார். கண்மாய்க் கரையில் என் அப்பா பீடிக்கட்டைக் குனிந்து எடுத்தபோது இந்த மனிதர் எப்படிப் பார்த்துக்கொண்டு நின்றாரோ, அதே மாதிரி நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் ஸ்டாப் பக்கம் அவர் தலை மறைகிற வரைக்கும் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

திரும்பினால் அப்பா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார், கையில் சொம்பு.

"நான் எடுக்கலைன்னு அதுல இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சுப்பா."

"அம்புட்டும்?"

"அம்புட்டும்."

"அத வச்சுக்கிட்டு இருந்திருக்கலாம்ல தாயி."

எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் யாருக்காக இவ்வளவும் செய்தேன்? "வச்சிருந்தா நீ அந்தாளுக்குத் தூக்கிக் குடுத்திருப்ப. எனக்குத் தெரியாதா உன்னைய?" என்றேன்.

அப்பா சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை வாசலில் ஊற்றினார். தெருவில் யாரோ மீன்பிடிக்குக் கூடை முடைந்துகொண்டிருந்தார்கள், அந்தப் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"குடுத்திருப்பேன். குடுத்துட்டு, நானும் கம்மாய்க்குள்ள எறங்கியிருப்பேன்."